மைனஸ் பத்தில் நின்றுபோன வெள்ளிக்கிழமை

ஒரு பெட்டி சொல்வதை இன்னொரு பெட்டிக்குப் புரிய வைப்பதுதான் எங்கள் தொழில். அந்த இரண்டு பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்களுக்குப் புரிய வைக்க யாரும் ஆள் போடுவதில்லை.

நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஊர் ஆவூர். ப்ராஜெக்டுக்காக ஒரு செமஸ்டர் முழுக்கப் புதுக்கோட்டையில் ஓர் ஆட்டோமேஷன் கடையில் இருந்தேன். கடை என்றால் ஜவுளிக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அரிசி மில், தீவன மில், ஐஸ் கம்பெனி என்று எங்கே மெஷின் ஓடுகிறதோ அங்கே போய், அதைத் தானாக ஓட வைக்கும் கன்ட்ரோலரை மாட்டிவிட்டு வருவோம். 'வருவோம்' என்று நான் சொல்வது ஒரு கௌரவத்துக்காக. ப்ரோக்ராம் எழுதுவது கடை முதலாளியான சார். வயர் இழுப்பது பாலு அண்ணன். ஜெராக்ஸ் எடுப்பது நான். ப்ராஜெக்ட் என்ற பெயரில் எங்காவது போய் டீக்குச் சொல்லிவிட்டு வந்த அனுபவம் உங்களில் நிறையப் பேருக்கு இருக்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

திட்டு வாங்க ஓர் ஆள்

"பொம்பளப் புள்ளைய எப்படிம்மா சைட்டுக்கு அனுப்புறது" என்பதுதான், நானும் சைட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால் சாருக்குத் தெரிந்த ஒரே பதில். "ஏன் சார், அங்க இருக்கிற கரண்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வருதா?" என்று கேட்டேன். பஸ் வசதி இல்லை என்றார். பஸ் நேரம் எழுதிக் காட்டினேன். வீட்டில் கேட்பார்கள் என்றார். "எங்கப்பா ஸ்கூல் வாத்தியார். நான் எங்க போறேன்னு கேக்க மாட்டாரு, ஏன் இன்னும் போகலைன்னுதான் கேப்பாரு" என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாதத்தில் தோற்கும்போது அவர் கண்ணாடி மட்டும் பளபளவென்று ஆகிவிடும்.

அன்றைக்கு கோட்டைப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு ஐஸ் கம்பெனிக்கு நாங்கள் போட்டுக் கொடுத்த கன்ட்ரோலரில் பிரச்சினை. பாலு அண்ணன் ஏற்கெனவே பல தடவை போய், ஒரு குறையும் கண்டுபிடிக்காமல், முதலாளியிடம் ஏச்சு மட்டும் வாங்கி வந்தவர். இன்னொரு தடவை போகச் சொன்னால் வேலையையே விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சார் என்னைப் பார்த்தார். எனக்கு வாழ்க்கையில் முதல் சைட் இப்படித்தான் கிடைத்தது.

"நீ போயிட்டு வாம்மா. அங்க வேலைன்னு ஒண்ணும் இல்ல, திட்டு வாங்கணும், அவ்ளோதான்."

இளநீர் ஐஸ்

ஐஸ் கம்பெனி முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடுகிறது. நான் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. "பாலு வரலையா?" என்றார். நான்தான் வந்திருக்கிறேன் என்றேன். "பாப்பா மட்டுமா?" என்றார். "பாப்பா இல்லைங்க, இன்ஜினியரிங் படிக்கிறேன்" என்றேன். "அப்ப படிச்சு முடிச்சிட்டு வாயேன்" என்றார். சொல்லிவிட்டு ஒரு ஐஸ் பாரைத் தரையில் சாய்த்து, இரும்புக் கம்பியால் நடுவில் ஓங்கிப் போட்டார். பார் இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் என் செருப்பு நனையக் கொட்டியது. "இது ஐஸா, எளநியா?"

அந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன் ஐஸ் கல் மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை ஐஸ் மட்டும் நடுவில் உறையாமல் வருகிறது. படகுக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஹாஜியாருக்குக் காரணம் தெரியும் என்று நினைப்பு. காரணம் அவருக்குப் பின்னால் மீசையை நீவிக்கொண்டு நின்றிருந்தது: ஆபரேட்டர் கருப்பையா அண்ணன். வெள்ளிக்கிழமை மற்ற ஆட்கள் எல்லாம் தொழப் போய்விடுவதால் அன்றைக்கு மத்தியானம் முழுக்க இவர் ஒருத்தர்தான் காவல். ஹாஜியார் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். தின்றுவிட்டுத் தூங்கிவிடுகிறார், ஐஸ் கெட்டுப்போகிறது. வழக்கு முடிந்தது.

"அவர் தூங்கினா ஐஸ் எப்படிங்க கெடும்? மெஷின்தான் தானா ஓடுதே" என்றேன். "அப்ப ஒங்க பொட்டிதான் கெட்டதுன்னு சொல்லு." அப்படிச் சொன்னால் சார் என்னைத் திரும்ப ஜெராக்ஸ் மெஷினோடு கட்டிவைத்துவிடுவார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியார் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"வர்ற சனிக்கெழமையும் இப்படி இருந்துச்சுன்னா, ரெண்டுல ஒண்ணு போகணும். பொட்டி இருக்கும், கருப்பையா இருக்க மாட்டான்."

யாரும் போகாத கிழமை

சனிக்கிழமை ஐஸ் வெள்ளிக்கிழமைதானே உறைகிறது? வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. இது எனக்கு பஸ்ஸில் திரும்பும்போதே தோன்றியது. பாலு அண்ணனுக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன்.

தோன்றியிருக்கிறது. ஆனால் சைட்டுக்குப் போய் வந்ததற்கு வாடிக்கையாளர் கையெழுத்து வாங்கி வந்தால்தான் சார் அந்த நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். கோளாறு வரும் நாளில் போனால் கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஆள் இருக்கும் நாளில் போனால் கோளாறு இல்லை. இதை அவர் ஏதோ இயற்கை விதி மாதிரி சொன்னார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

"வெள்ளிக்கெழம மத்தியானம் ஹாஜியார் இருக்க மாட்டாரு. அவரு இல்லாதப்ப போயி, நான் போனேன்னு சுவத்துக்கிட்டயா கையெழுத்து வாங்குறது?"

தொட்டுப் பார்க்கிறவனும் ஓட்டுகிறவனும்

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். கருப்பையா அண்ணன் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நான் போறதுக்கு முன்னாடி இந்தப் பொட்டி என்னதான் பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன், சொல்லு" என்றார். போவது என்று முடிவே கட்டிவிட்டார்.

சொன்னேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் ஐஸ் கேன்கள் நிற்கின்றன. அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கும் சென்சாரின் வயர், தொட்டியை ஒட்டிய ஆபீஸ் அறைச் சுவரில் உள்ள சின்னப் பெட்டிக்குப் போகிறது. அதுதான் கம்யூனிகேஷன் மாட்யூல். அந்த மாட்யூல், இங்கே பேனல் அறையில் இருக்கும் கன்ட்ரோலருக்கு எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோலர் அதைப் பார்த்து, மைனஸ் பத்துக்குக் கீழே போனால் குளிரூட்டும் கம்ப்ரசரை நிறுத்தும். மைனஸ் எட்டுக்கு ஏறினால் மறுபடி ஓட்டும். கன்ட்ரோலர் தொட்டியை ஒருநாளும் பார்த்ததில்லை. மாட்யூல் சொல்வதுதான் அதற்கு வேதம்.

"அப்ப அங்கிட்டு இருக்கிறவன் தொட்டுப் பாக்குறவன், இங்கிட்டு இருக்கிறவன் ஓட்டுறவன். சரி. நான் யாரு?" என்றார். "நீங்க ஆபரேட்டர்ண்ணே" என்றேன். கையால் கம்ப்ரசரைப் போடும் சுவிட்ச் பேனலிலேயே இருக்கிறது. பெட்டி வந்த அன்றைக்கே அதைத் தொடக்கூடாது என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள், ஹாஜியாரும் சொல்லிவிட்டார். ஒரு மனிதரை ஒன்றையும் தொடாதே என்று உட்கார வைத்துவிட்டு, கெட்டால் மட்டும் நீதான் என்பது எந்த ஊர் நியாயம்? இதை நான் உரக்கக் கேட்டேன். அவருக்கு வேறு சந்தேகம் இருந்தது.

"பாக்குற வேலையையும் ஓட்டுற வேலையையும் இவனுங்களே பாத்துக்கிட்டா, நான் இவனுங்களுக்குக் காவலா, இவனுங்க எனக்குக் காவலா?"

நெய்ச்சோறு

பதினொரு மணிவாக்கில் திரையில் மைனஸ் பத்து வந்து கம்ப்ரசர் ஓய்ந்தது. ஹாஜியார் ஆபீஸ் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து நெய்ச்சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் கறிக்குழம்பும் வந்தன. எனக்கு இக்கட்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள்; தவக்காலம், வெள்ளிக்கிழமை வேறு. எங்கள் வீட்டில் கறி கூடாது. என் பங்குக் கறியும் கருப்பையா அண்ணன் தட்டுக்குப் போனது. அதன் விளைவும் உடனே தெரிந்தது. கம்ப்ரசர் சத்தமும் இல்லை, வயிறும் நிறைந்திருக்கிறது. நானே கொட்டாவி விட்டேன். அவர் குறட்டையே விட்டார். அவர் வேலைக்கு நானே வேட்டு வைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைனஸ் 10.2. காலை முழுக்க அந்தக் கடைசி இலக்கம் துடித்துக்கொண்டே இருந்தது. 9.1 என்னும், 9.3 என்னும், திரும்பி வரும். இப்போது ஆடவே இல்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்; 10.2. பாத்திரத்தைக் கழுவி வைத்தேன், அதே 10.2. உயிருள்ள எண் இப்படிச் சிலையாக நிற்காது. பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் விட்டேன். மைனஸ் ஏழு. எட்டைத் தாண்டியும் கம்ப்ரசர் ஓடவில்லை. தொட்டி சூடேறிக்கொண்டிருந்தது, கன்ட்ரோலரோ எப்போதோ கேட்ட பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு, போதுமான குளிர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

கருப்பையா அண்ணனை எழுப்பினேன். கையால் கம்ப்ரசரைப் போடுங்கள் என்றேன். அந்த சுவிட்சின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஹாஜியார் சொல்லாம இதத் தொட்டா, அதுக்கே என்னைய அனுப்பிருவாரு. நீயும் தொடக்கூடாது." இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஐஸ் மறுபடி இளநீர்தான் என்று சொல்லியும் நகரவில்லை. தூங்கியதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"தூங்குனேன், அத மறைக்கல. ஆனா படுக்கும்போதும் மைனஸ் பத்து, எந்திரிக்கும்போதும் மைனஸ் பத்து. முழிச்சிருந்து நான் என்னத்தப் பாத்திருப்பேன், சொல்லு."

பள்ளிவாசலுக்கு எதிரே

ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் மாட்யூல் இருந்தது. அதில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருட்டாக இருந்தது. பூட்டு தொங்கியது. சாவி ஹாஜியாரிடம், ஹாஜியார் தொழுகையில், போன் அணைத்திருந்தது. வழக்கமாக அவர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்து, சாயங்கால அஸர் தொழுகையும் முடிந்துதான் கம்பெனிக்கு வருவாராம். அதுவரை தொட்டி காத்திருக்காது.

பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் போய் நின்றேன். உள்ளே பயான், அதாவது பிரசங்கம், ஓடிக்கொண்டிருந்தது. மனசுக்குள் ஹாஜியாருடன் பாதிச் சண்டையைப் போட்டே முடித்துவிட்டேன். அவர் சொல்லப்போவதையும் நானே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். "ஹாஜியார் ஆபீஸ் சாவி" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தொழுதுட்டு வர்ற மனுசன்கிட்ட சண்டைக்கு நிக்கிறன்னு மொகத்துலயே எழுதியிருக்கு. ஒரு டீயக் குடிம்மா, ரெண்டுமே ஆறட்டும்."

ஹாஜியாரின் நிம்மதி

வெள்ளைச் சட்டை, தொப்பியோடு வெளியே வந்தவரை வழிமறித்தேன். "ஆபீஸ் மெயின் சுவிட்சை அணைச்சிட்டா வந்தீங்க?" என்று கேட்டேன். "அணைக்காம? ஃபேன் யாருக்காக ஓடணும்? எங்க அத்தா காலத்துலேருந்து பூட்டும்போது அணைச்சிட்டுத்தான் பூட்டுறது." வாதாட நான் தயாரித்து வைத்திருந்த அத்தனையும் வீண். இரண்டே வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிட்டது. அந்த மாட்யூலுக்குக் கரண்டு, ஆபீஸ் ஃபேன் ஓடும் அதே போர்டிலிருந்து போகிறது. மற்ற நாட்களில் ராப்பகலாக ஆள் இருப்பதால் அந்த ஆபீஸ் பூட்டப்படுவதே இல்லை.

வந்து பூட்டைத் திறந்தார். சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு சிமிட்டியது. பேனல் அறையில் மைனஸ் 10.2 ஒரே தாவலில் மைனஸ் ஆறுக்கு வந்தது. கம்ப்ரசர் தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹாஜியார் பேனல் அறை வாசல் வரை வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கம்ப்ரசர் ஓயுற வரைக்கும் காத்திருந்து, அது ஓஞ்சப்புறந்தாம்மா நான் கெளம்புறது. குளிர் புடிச்சிருச்சு, இனி நிம்மதியாத் தொழலாம்னு." குளிர் பிடித்து கம்ப்ரசர் நின்ற அந்த நொடியில், குளிரைக் கன்ட்ரோலருக்குச் சொல்கிற மாட்யூலின் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாரம் தவறாமல், அவ்வளவு அக்கறையாக. எனக்கு அவரைத் திட்ட மனசு வரவில்லை. எனக்கு இது அபூர்வம்.

"அப்ப இத்தன வாரமா ஐஸைத் தூங்க வச்சது நான்தானா?"

பக்கம்

கரண்டை அந்த போர்டிலிருந்து எடுத்தது யார்? பாலு அண்ணனுக்குப் போன் போட்டேன். பேனல் அறையிலிருந்துதானே எடுத்திருக்க வேண்டும் என்றேன். "பேனல் ரூம்லேருந்து இழுத்தா அன்னிக்குக் கடைசி பஸ்ஸை விட்டிருப்பேன். தொட்டிக்குப் பக்கமா ஆபீஸ் போர்டு இருந்துச்சு, எடுத்தேன்" என்றார். "அது சரியாண்ணே?" என்று கேட்டேன்.

"சரின்னு எப்ப சொன்னேன்? பக்கம்னுதான் சொன்னேன்."

தூக்கத்துக்குத் தனி விசாரணை

சனிக்கிழமை ஹாஜியாரே போன் செய்தார். பாரை உடைத்தாராம், நடுவிலும் ஐஸ்தானாம். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் துள்ளிக் குதிக்கப் போகும் நேரத்தில், "ஒண்ணு மட்டும் உள்ளதச் சொல்லு. நேத்து அவன் தூங்குனானா, இல்லையா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. தூங்கினார் என்றேன். "அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார். விட்டுவிட முடியுமா? ஐஸ் கெட்டதற்குக் காரணம் தூக்கம் இல்லை என்றேன். காரணமோ இல்லையோ, தூங்குபவன் எதற்கு என்றார். ஒன்றையும் தொடாதே என்று சொன்னால் தூங்காமல் வேறு என்ன செய்வது என்றேன். கடைசியில் எங்கள் ஊர்க் கோயிலையும் வம்புக்கு இழுத்தேன். "எங்க ஆவூர்ல பிரசங்கம் நடக்கும்போது பாதிப் பேரு தூங்குறாங்க. அதுக்காக யாரையும் ஊரை விட்டு அனுப்பலைங்க." மறுமுனையில் சிரிப்பு கேட்டது. ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்.

"எங்க பள்ளியிலயும் தூங்குவாங்கம்மா. ஆனா அங்க உருகுறதுக்கு ஐஸ் இல்ல."

இருக்கியா? இருக்கேன்

சாருக்கு விஷயம் முடிந்துவிட்டது. பேனலிலிருந்து வயர் இழுத்து மாட்யூலுக்குக் கரண்டு கொடுத்தால் போதும் என்றார். "எலி கடிச்சா? உப்புக் காத்துல முனை அரிச்சா? அப்பவும் நம்ம கன்ட்ரோலர் பழைய எண்ணைக் கட்டிக்கிட்டுத்தானே சார் உக்காந்திருக்கும்?" என்றேன். யாரும் அதைக் கேட்கவில்லையே என்றார். கேட்கத் தெரிந்தால் அவர்களே செய்துகொள்வார்களே என்றேன். கண்ணாடி துடைக்கப்பட்டது.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. மாட்யூல் குளிரைச் சொல்லும்போது கூடவே இன்னொரு எண்ணையும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் அதில் ஒன்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். இருக்கியா என்று கேட்டால் இருக்கேன் என்று சொல்வது மாதிரி. அந்த எண் கூடாமல் நின்றுவிட்டால், கன்ட்ரோலர் பழைய குளிரை நம்பக்கூடாது. திரையிலிருந்து அதை அழித்துவிட்டு சைரனை அடிக்க வேண்டும். பிறகு ஓட்டுவதா நிறுத்துவதா என்பதை ஒரு மனிதர் தெர்மாமீட்டரோடு தொட்டிக்குப் போய்ப் பார்த்து முடிவு செய்யட்டும். கை சுவிட்ச் அவருக்கு விட்டுவிட வேண்டும். கடைசி வரியைச் சொல்லும்போது நான் யாரை நினைத்தேன் என்று சாருக்கும் தெரியும்.

"எழுது. நீயே போயி மாட்டிட்டு வா. சைரன் அடிச்சு ஊரு கூடுச்சுன்னா நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

ஹாஜியார் உருவிய வயர்

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாம் மாட்டி முடித்தேன். சைரன் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கருப்பையா அண்ணனிடம் சொல்லி, தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். நெய்ச்சோறு வந்தது. என் பங்குக் கறி வழக்கம்போல் இடம் மாறியது. அவரும் வழக்கம்போல் தூங்கிப் போனார். பள்ளிக்குக் கிளம்பி நின்ற ஹாஜியார், ஆபீஸ் வாசலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் மாட்யூலைக் காட்டி, "நீங்களே அந்த வயரை உருவுங்க" என்றேன். உருவினார்.

திரையில் எண் மறைந்து வெறும் கோடுகள் வந்தன. சைரன் அலறியது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். கருப்பையா அண்ணன் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். திரையைப் பார்த்தார், தொட்டிக்கு ஓடினார், தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார், மைனஸ் எட்டை நெருங்கியிருந்தது, திரும்பி வந்து கை சுவிட்ச் வரைக்கும் விரலைக் கொண்டுபோனார். அங்கே நின்றுவிட்டார். வாசலில் ஹாஜியார். சைரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இருவரில் யார் முதலில் பேசுவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நானாகப் பேசாமல் இருந்ததை என் வாழ்நாள் சாதனையாகச் சொல்வேன்.

"என்னைய ஏன்டா பாக்குற? தொட்டியப் பாத்துட்டுத்தானே வந்த. போடு" என்றார் ஹாஜியார். போட்டார். கம்ப்ரசர் கிளம்பியது. தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் ஹாஜியார் திரும்பி நடந்தார். நான் விடாமல் பின்னாலேயே போய், தள்ளி வைத்த தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். நடையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"தூங்கட்டும். எந்திரிக்கிறான்ல, அது போதும்."

இரண்டு பெட்டிகளை ஒன்றையொன்று 'இருக்கியா' என்று கேட்க வைக்க எனக்கு ஒரு சாயங்காலம்தான் பிடித்தது. ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்க்கும் இரண்டு மனிதர்களை அப்படிக் கேட்க வைக்கத்தான் நெய்ச்சோறும் சைரனும் என் வாயும் சேர்ந்து தேவைப்பட்டன, அதற்கு எங்கள் கல்லூரியில் மார்க் கிடையாதாம்.